நான்கு நிமிடம் சும்மா இருப்பது

ஆரோக்கிய பிரபு தன் அம்மாவிடம் பெரிய வரம் ஒன்றும் கேட்கவில்லை. காபித்தூளில் வெந்நீர் ஊற்றிய பிறகு நான்கு நிமிடம் அதை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் கெங்குவார்பட்டியில், அந்த வீட்டில், காபியை அப்படித் தனியாக விட்ட வரலாறே கிடையாது.

விஷயம் இதுதான். பிரபு இரண்டு வருடமாக வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். திங்கள்கிழமை முதல் எல்லோரும் ஆபீசுக்கு வர வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒரே ஒருவருக்கு மட்டும் விலக்குத் தரலாம். அது யார் என்பது மேனேஜர் ஃபர்ஹீன் மேடம் கையில். அவர் ஒரு காபிப் பைத்தியம். வீடியோ மீட்டிங்கில் பிரபுவின் மேசையில் எப்போதும் பிரெஞ்ச் பிரஸ், அதாவது சல்லடைக் கம்பியால் தூளை அடியில் அமுக்கிக் காபி இறக்கும் கண்ணாடிக் குடுவை, இருப்பதைக் கவனித்திருந்தார். "எங்க சித்தப்பா மலைத்தோட்டத்துக் கொட்டை மேடம், நானே போடுறது. இந்தக் காபியிலதான் என் மூளையே ஓடுது" என்று இவனும் அளந்துவிட்டிருந்தான். சனிக்கிழமை கொடைக்கானல் போகிற வழியில் வீட்டுக்கு வந்து அந்தக் காபியைக் குடித்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் மெசேஜ் அனுப்பியபோதுதான் பிரபுவுக்கு வியர்த்தது. ஏனென்றால் மீட்டிங்குகளில் அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் இருந்தது சுக்குத்தண்ணி. மற்ற நேரங்களில் அவன் அம்மா வியாகுலமேரி அதில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சக்கையெல்லாம் அடியில நின்னுக்கிருதுலே. புளிக்குன்னே செஞ்சிருக்கான் மகராசன்" என்று அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவனை அவள் தினமும் வாழ்த்தினாள்.

வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. முதல் நாள் அம்மா மிக்சியில் கொட்டையைத் திருநீறு பதத்துக்கு அரைத்துக் கொடுத்தாள். தூள் சல்லடையை அடைத்துக்கொண்டு, அமுக்கும் கம்பி பாதியில் நின்றது. கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் காலால் உதைத்துச் சரிசெய்யும் அப்பா பிலவேந்திரன், "தள்ளுடா, நான் பாக்குறேன்" என்று முழு எடையையும் அதன்மேல் போட்டார். சுவரில் தொங்கிய பங்குக்கோயில் காலண்டரில் அக்டோபர் மாதம் மொத்தமும் காபியில் நனைந்தது.

அடுத்த நாள் மிக்சியை விட்டு விட்டு ஓட்டி, வறுத்த ரவையைப் போலக் கொரகொரப்பாக அரைத்தான். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றினான். சார்ஜரைத் தேடி மாடிக்குப் போய்த் திரும்பினால், அம்மா கம்பியை மேலும் கீழும் இழுத்து மோர் கடைவதுபோலக் கடைந்துகொண்டிருந்தாள்.

"ம்மா! என்ன பண்ற?"

"சும்மாதானேடா கெடக்கு. நொரை வரட்டும்னுதான்."

"சும்மா கெடக்கணும்மா! அதுதான் வேலையே!"

"சும்மா கெடக்குறதெல்லாம் ஒரு வேலையாக்கும். உங்க ஆபீசுல சொல்லிக் குடுத்தாகளா?"

அதற்கும் மறுநாள் எல்லாம் சரியாக வந்தது. இவன் கைகழுவப் போன நேரத்தில் அப்பா அதை இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி, ஒரு முழ உயரத்துக்கு ஆற்றியிருந்தார். அடியில் தங்கியிருந்த வண்டலும் சேர்ந்து கலங்கிப் போயிருந்தது.

"ஆத்தாம குடுத்தா விருந்தாளிய மதிக்கலேன்னு அர்த்தம். அவுக என்ன நெனப்பாக?"

நல்லவேளை, அது அக்டோபர், வீட்டில் தினமும் செபமாலை சொல்லும் மாதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா செபமாலை எடுத்து உட்கார்ந்தபோது பிரபுவுக்கு ஞானம் பிறந்தது. செபம் முடியும்வரை அவள் கை வேறெதையும் தொடாது. அப்பாவும் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவின் வேகத்தில் மாலையின் பத்து மணிகளை உருட்டி முடிக்கச் சரியாக நான்கு நிமிடம். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினான். பத்தாவது மணியில் கம்பியை மெல்ல இறக்கினான். முதல்முறையாக அது காபியாக இருந்தது. கசப்பு நாக்கைப் பிடிக்கவில்லை. கடைசியில் ஆரஞ்சுத் தோலின் வாசனை லேசாக வந்தது. பிரபுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை ஃபர்ஹீன் மேடம் வந்தார். பிரபு முந்தைய இரவே குடுவையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் புளிவாசனையை ஓட்டியிருந்தான்.

"ஒண்ணு சொல்லிர்றேன். தண்ணி ஊத்துனதும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. செபம் மட்டுந்தான்" என்று வீட்டாரிடம் கண்டித்துச் சொல்லியிருந்தான். மேடத்திடம், "காபி ஊறுறப்ப செபம் சொல்றது எங்க வீட்டு வழக்கம் மேடம்" என்றான். அவர் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார்.

தண்ணீர் ஊற்றினான். அம்மா கண்ணை மூடினாள்.

"மாதாவே, இந்தப் பத்து மணிய எம்மகனுக்காக ஒப்புக்குடுக்குறேன்."

பிரபு நெகிழ்ந்தான்.

"அவன எப்படியாச்சும் திங்கக்கிழமையே பெங்களூருக்கு அனுப்பி வச்சிரு தாயே. ரெண்டு வருசமா என் அடுப்படியிலயே நிக்கிறான். உப்ப ஏன் கையால அள்ளிப் போடுறேன்னு கேக்குறான். ரசத்துக்குத் தெர்மாமீட்டர் வைக்கிறான். இப்பக் காபிக்கும் காவல் நிக்கிறான். எங்களால முடியல."

"ம்மா..."

"உஷ்! வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதானடா சொன்ன" என்றார் அப்பா. அவர் இதைவிடப் பக்தியோடு செபத்துக்குப் பதில் சொல்லி பிரபு பார்த்ததில்லை.

பத்தாவது மணியில் பிரபு கம்பியை இறக்கினான். உடனே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். மேடம் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு. கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரபு, அபாரம். ரெண்டு வருஷமா இதைத்தான் குடிச்சியா?"

"ஆமா மேடம்."

"இல்லைங்கம்மா, அது சுக்குத்தண்ணி" என்றார் அப்பா. விருந்தாளியிடம் அவர் பொய் சொல்வதில்லை.

மேடம் சிரித்தார். மிச்சத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"ஆபீஸ் மெஷின் காபி குடிச்சு எங்க எல்லாருக்கும் நாக்கே செத்துப்போச்சு. இப்படிக் காபி போடத் தெரிஞ்ச ஒருத்தனை இங்க விட்டு வைக்கலாமா? திங்கட்கிழமை வந்துடு. உன் சீட்டு, காபி போடுற பேன்ட்ரி பக்கத்துல."

"மேடம், மோசமா இருந்திருந்தா?"

"பாவம், ஊர்லயே கிடக்கட்டும்னு விட்டிருப்பேன்."

காரின் சத்தம் மலைச்சாலைப் பக்கம் தேய்ந்து மறைந்தது. "மாதா கேட்டுட்டாக" என்று அம்மா செபமாலைக்கு முத்தம் கொடுத்தாள். பிரபு மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து, பிரெஞ்ச் பிரஸ்ஸைத் துண்டில் சுற்றிவைக்கலாம் என்று அடுப்படிக்குள் நுழைந்தான்.

அம்மா அதைக் கழுவி, எலுமிச்சை அளவு புளியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி முடித்திருந்தாள்.

"ம்மா, அது எனக்கு வேணும்."

"அங்கன அவுக புதுசு வாங்கித் தருவாகடா." அவன் கையை நீட்டியதும் பட்டென்று தட்டிவிட்டாள். "நாலு நிமிசம் ஊறணும். அதுவரைக்கும் யாரும் தொடாதீக."