இரண்டாம் முறை மட்டும் வேகம்

மார்ச் 12. நேற்று ஒரு தவறு செய்தேன். அக்காவின் எக்ஸ்ரே நிலையத்தில் படங்களைச் சேமிக்கும் சர்வரில், அவை வேகமாகத் திறக்க எஸ்எஸ்டி கேஷ் என்ற கூடுதல் வேகச் சேமிப்பைப் பொருத்தி, ஒரே படத்தை இரண்டு முறை திறந்தேன். இரண்டாம் முறை சட்டென்று வந்ததும், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

இன்று எந்தப் படமும் வேகமாகத் திறக்கவில்லை. வாசல்வரை கூட்டம்.

"ஒரு தடவ திறந்த படத்தைத்தான் அது ஞாபகம் வச்சுக்கும்க்கா."

"வர்றவங்க எல்லாம் புது ஆளுங்கடா. உன் டப்பாவுக்காக அதே காலை மறுபடி உடைச்சுட்டு வரச் சொல்லவா? நாளைக்கும் இப்படின்னா கழட்டிப் போட்டுட்டு வேற ஆளக் கூப்பிடுவேன்."

எரிச்சலில் என்னையே திட்டிக்கொண்டேன். நான் போகும் மாலைக் கணினி வகுப்பின் பாடத்தை வரி பிசகாமல் செய்தவன், அங்கே எந்தப் படங்களைத் திறப்பார்கள் என்று கேட்கவில்லை.

நாளை நிலையம் திறக்கும் முன், முதல் தடவையே சட்டென்று வர, புதுப் படங்களைச் சேமிக்கும்போதே எஸ்எஸ்டியிலும் எழுதும்படி மாற்ற வேண்டும்.