வலது பக்கம் போகும் பந்து

எங்கள் ஊரில் ஒரு குடும்பம் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அந்த வீட்டு ஆண் அடிக்கும் கோல்ஃப் பந்துதான் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்துக் கடைசி ஞாயிறன்று, உச்சிப் புல்வெளியில் நின்று ஒரே ஒரு பந்தை அடிக்க வேண்டும். பந்து எங்கே போய் நிற்கிறதோ அங்கே கொடிக்காரர் போஜன் கொடியை நடுவார். மறுநாள் வீட்டைப் பிரித்து எடுத்துப்போய் அங்கே கட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தகரமும் பலகையும்தான் என்பதால் பொழுது சாய்வதற்குள் அடுப்பு மூட்டிவிடலாம்.

ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் பந்தில்தான். கொஞ்ச தூரம் நேராகப் போவதுபோல் பாவனை காட்டிவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி வலது பக்கம் திரும்பிவிடும்.

கல்யாணமான வருடம் அது தேயிலைத் தோட்டத்துக்குள் விழுந்தது. செடிகளை வெட்டக் கூடாது என்பதால் அவற்றைச் சுற்றியே சுவர் எழுப்பினோம். படுக்கையறையில் கொழுந்து பறிக்க ஆட்கள் வரும்போது எழுந்து வழிவிட்டோம். அடுத்த வருடம் தபால் நிலையத்தின் ஜன்னல் வழியாக உள்ளே போனது. ஜனங்கள் எங்கள் அடுப்பைத் தாண்டிப் போய்த்தான் தபால்தலை வாங்கினார்கள். சிலர் குழம்பில் உப்பு குறைவு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஏரி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று நான் சொன்னதை என் மனைவி வசுமதி ரசிக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் அவள் துவைத்த எதுவும் காயவில்லை.

இப்போது இருப்பது பேருந்துச் சாலையின் கொண்டை ஊசி வளைவில். பேருந்து வரும்போதெல்லாம் ஓட்டுநர் இறங்கி வந்து, கூடத்தைக் கொஞ்சம் ஒதுக்கித் தரச் சொல்வார். நான் ஒரு பக்கமும் வசுமதி மறுபக்கமுமாகப் பிடித்து நகர்த்துவோம். பேருந்து போனதும் திரும்ப இழுத்து வைப்போம். நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு எவ்வளவோ நாளாகிறது.

வசுமதி கேட்பது குழாயடி மேட்டைத்தான். வெயில் விழும், தண்ணீர் பக்கத்தில், சாலை தள்ளி. உச்சிப் புல்வெளிக்கு நேர் எதிரே இருக்கிறது. நேராக அடிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கைவலு அதிகம் என்பதால் பந்து மேட்டைத் தாண்டிப் போய்விடும். அதனால் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. என் வலு அந்த மேட்டுக்குச் சரியான அளவு. திசைதான் இல்லை.

அவளுடைய அண்ணன் தணிகாசலத்தின் பந்து வருடா வருடம் ஒரே இடத்தில் விழும். அதனால் அவர் கான்கிரீட்டில் மாடி வைத்துக் கட்டிவிட்டார். போன வருடம் காற்று அப்படி என்று நான் சொன்னபோது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், மாப்ளே" என்றார். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்தான். வளைவில் கட்டினால் வேறு எப்படி இருக்கும்?

மார்கழியில் ஒருநாள், கூடத்தை இழுத்து வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி வசுமதி சொன்னாள்:

"இந்த வருஷமும் வலது பக்கம் போச்சுன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். கூடத்தை ரெண்டு பக்கமும் நீங்களே பிடிச்சுக்குங்க."

அவள் எதையும் இரண்டாம் முறை சொல்கிறவள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து பயிற்சியில் இறங்கினேன். ஒருவன் பயிற்சி எடுக்கிறான் என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஊரில் வாயுள்ளவர்கள் எல்லாரும் வாத்தியார்கள். காலை அகட்டி வை என்றார் பால்காரர். அகட்டினால், ஏன் இப்படி அகட்டுகிறாய் என்றார் மருந்துக்கடைக்காரர். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள், மூச்சை விட்டுவிடு, இடுப்பை முதலில் திருப்பு, இடுப்பென்று ஒன்று இருப்பதையே மற. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் என் வாயில் இடுக்கியை வைத்துக்கொண்டே மணிக்கட்டைப் பற்றி விளக்கினார். மறுத்துப் பேச வழியில்லை.

கடைசியில் தேவசகாயம் மாஸ்டரிடம் போனேன். அவர் பந்தைச் சிக்கவைக்க மைதானத்தில் வெட்டியிருக்கும் மண்குழிக்குள் குடியிருக்கிறார். நேராக அடிக்கக் கற்றுக்கொடுப்பவர் ஏன் மண்குழியில் இருக்கிறார் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் கற்றுக்கொடுக்க மாட்டார் என்பதால் செருப்பில் புகுந்த மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

நிஜப் பந்தைத் தொட்டு அடித்தால் வீடு மாற வேண்டியதாகிவிடும். ஆகவே எங்கள் ஊரில் எல்லாரும் உருளைக்கிழங்கில்தான் பழகுகிறார்கள். மாஸ்டர் என் வலது அக்குளில் ஒரு துண்டைச் செருகி, அது கீழே விழாமல் மட்டையைச் சுழற்றச் சொன்னார். துண்டு விழுந்தது. நான் மட்டையை வெளியிலிருந்து உள்ளே இழுத்து வெட்டுகிறேன், அதனால்தான் பந்து வலது பக்கம் ஓடுகிறது என்றார். எல்லாவற்றையும்விட, பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற அவசரத்தில் தலையை நிமிர்த்துகிறேன் என்றார்.

"எங்க போகும்னு பார்க்காதீங்க சார். அடிச்ச இடத்தைப் பாருங்க. போறது போகட்டும்."

துண்டு விழுந்துகொண்டே இருந்தது. எரிச்சலில் ஒருநாள் மட்டையைத் தூக்கி எறிந்தேன். அது வலது பக்கம் போனது. போய் எடுத்துவந்து மறுபடி துண்டைச் செருகிக்கொண்டேன். அடிபட்ட கிழங்கை வீணாக்கக் கூடாது என்று வசுமதி தினமும் பொடிமாஸ் செய்தாள். காலையில் பொடிமாஸ், இரவில் பொடிமாஸ். ஒரு கட்டத்தில் துண்டு விழவில்லை. கிழங்கு நேராகப் போனது. அடுத்ததும் நேராகப் போனது. நான் ஓடிப்போய் வசுமதியிடம் சொன்னேன். கிழங்கு நேராகப் போய் என்ன பயன், கிழங்கிலா குடியிருக்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டு அவள் தோலுரிப்பதைத் தொடர்ந்தாள்.

தைக் கடைசி ஞாயிறும் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டதும் ஜனங்கள் எழுந்து எனக்கு நேர் எதிரே, குழாயடி மேட்டில் போய் நின்றுகொண்டார்கள். நான் அடிக்கும்போது எப்போதும் அப்படித்தான். என் பந்து ஒருநாளும் போகாத இடம் அது. ஊரில் அதைவிடப் பத்திரமான இடம் வேறில்லை. சிலர் குழந்தைகளையும் அங்கே தூங்கவைத்திருந்தார்கள். எல்லாருக்கும் நடுவில் வசுமதி நின்றாள். கையில் துணிப்பை. மாற்றுப் புடவைகளும் சீப்பும் எண்ணெய்ப் புட்டியும் ஏற்கெனவே உள்ளே அடுக்கியாகிவிட்டது.

துண்டைச் செருகினேன். காலை எவ்வளவு அகட்டினேன் என்று யாரையும் கேட்கவில்லை. மட்டை போய்த் திரும்பி வந்தது, பந்து சத்தமில்லாமல் கிளம்பியது. நான் தலையை நிமிர்த்தவில்லை. பந்து இருந்த இடத்தில் நசுங்கிய புல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். போஜன் நடந்து போகிற காலடி மட்டும் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் வசுமதியின் பைக்குள் கொடியை நட்டுக்கொண்டிருந்தார்.

பந்து நூல் பிடித்ததுபோல் நேராக வந்து, குழாயடி மேட்டில் இறங்குகிற நேரத்தில், திறந்திருந்த பையின் வாய்க்குள் விழுந்துவிட்டது. கிடக்கிற இடத்திலிருந்து பந்தைத் தொடக் கூடாது. அதை எதிர்த்து வாதாட முடியாது, நான் வாதாடவும் இல்லை. வசுமதி பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நேராத்தான் வந்துச்சு," என்றாள். "நான்தான் நடுவுல நின்னுட்டேன்."

ஒரு தடவையாவது என்னை நம்பி ஓரமாக நின்றிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் கண்கள் கலங்கியிருந்ததால் சொல்லவில்லை.

மறுநாள் வீட்டைப் பிரித்துப் பைக்குள் கட்டினோம். அடுப்பை எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். புடவைகள் இருந்ததால் படுக்கை மெத்தென்று அமைந்தது. கூடம் மட்டும் பையின் வாயைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அவளுக்கென்று ஏற்கெனவே உலை வைத்துவிட்டதால், பந்து வலது பக்கம் போகாவிட்டாலும் வசுமதி பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். போகிற வழியெல்லாம் நான் உள்ளிருந்து பாத்திரங்கள் உருளாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் பையை மாடியறை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தணிகாசலம் வெளியே நின்றபடி, ஆணி கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்.

பொழுது விடிந்ததும் மாடிப்படி ஏறிப் பேருந்து வந்தது. ஓட்டுநர் இறங்கி, கூடத்தைக் கொஞ்சம் ஒதுக்கித் தரச் சொன்னார். நான் எழுந்துபோய் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறுபக்கத்தை வசுமதி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தாள்.