கூடுதல் சார்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, மின்விசிறிச் சத்தத்தில் பாதிக் கதை காதில் விழாமல் போய்விடும். சாந்தோம் கடலில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன்; முடிகிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது. ஒரு பொங்கல் விடுமுறையில் மீனவன் டில்லிபாபுவின் படகில் ஐந்து பேர் மீன் பிடிக்கப் போனார்கள். அதில் ஒருவன் மற்ற நால்வரின் கண்ணெதிரிலேயே மூழ்கிப் போனான். கரைக்கு ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். அந்த வாரம் கத்தரிக்காய் கிலோ எண்பது ரூபாய்க்கு விற்றது. மயிலாப்பூரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

மூழ்கியவன் பெயர் சாய்சரண். சித்திரக்குளத்துப் பக்கம் மூன்றாம் மாடியில் வீடு. அம்மா கோமளவல்லி, பாட்டு சொல்லிக்கொடுக்கும் மனைவி நீரஜா, எட்டு வயது மகள் ஸஹானா. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. மீன்கூடை தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்துகிற குடும்பம்தான். ஆனால் ஆபீஸ் நண்பன் வெங்கடேஷும் இன்னொருவனும் காணும் பொங்கலன்று தூண்டில் போடப் போகலாம் என்று கூப்பிட்டபோது, பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கடலில் விட்டுவிட்டால் பாவமில்லை என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான். வீட்டில் படகு சவாரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். போலீஸ்காரர்கள் கரையில் தடுப்பு வைப்பதற்கு முன்பே மூவரும் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாடைக் காற்று அன்றைக்குக் காலையிலேயே எழுந்துவிட்டது. காயப்போட்டிருந்த வலைகளைச் சுருட்டி ரோட்டில் எறிந்தது. "காத்து ஏறிக்கினு கீது சார், இன்னிக்கு வேணாம், ரெண்டு நாள் பொறுத்து" என்று டில்லிபாபு ஆரம்பித்தான். யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்கவிடுவது சாய்சரணுக்கு வழக்கமில்லை. "லீவு இன்னிக்குத்தான் பாஸ்" என்று படகில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடலில் யாரும் தலைகளை எண்ணமாட்டார்கள். எண்ணினால் கடல் அந்தக் கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளும், அப்புறம் அதைச் சரிக்கட்டாமல் விடாது என்பார்கள். சாய்சரண் ஆபீஸ் சுற்றுலாக்களில் வேன் வேனாகத் தலை எண்ணிப் பழகியவன். அலை தாண்டியதும் எழுந்து நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, என்னோட சேர்த்து அஞ்சு" என்று காற்றுக்கு மேல் குரல் எழுப்பி எண்ணினான். டில்லிபாபுவின் மச்சான் கபாலி என்ஜினை நிறுத்திவிட்டான்.

"இன்னா சார் இது, ஆட்டுக்குட்டி கணக்கா எண்ணிக்கினு கீற? கரைல போய் எண்ணக்கூடாதா?"

"சேஃப்டிக்கு, பாஸ்."

"சொல்லிட்ட. அது கேட்டுக்கிச்சு. இனிமே இன்னா சேஃப்டி, உக்காரு" என்றான் கபாலி.

தூண்டிலில் இறாலைக் குத்திப் போட்டார்கள். காற்றில் தூண்டில் நரம்பு சீட்டியடித்தது. வெகு நேரம் கழித்து சாய்சரணுக்கு ஒரு கிழங்கான் மீன் மாட்டியது, கையளவுகூட இல்லை. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படத்துக்காக நின்றான். "உக்காந்து எடு" என்று டில்லிபாபு சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டில் ஒரு அலை வந்து அவனை மட்டும் துடைத்துக்கொண்டு போயிற்று. தலை ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. டில்லிபாபு குதித்துத் தேடினான், கபாலி படகைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான், நண்பர்கள் இருவரும் வாந்தியும் அழுகையுமாகக் கிடந்தார்கள். காற்று படகைக் கவிழ்க்கப் பார்த்ததும் வேறு வழியில்லாமல் திரும்பினார்கள். கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் நடுப்பலகையில் சாய்சரண் உட்கார்ந்திருந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் மீன் இல்லை. டில்லிபாபு அவனை உற்றுப் பார்த்தான். கபாலி பார்க்கவே இல்லை. "எண்ணிக்கை சரியா கீது மாமா, வா, டீ குடிக்கலாம்" என்றான்.

கடல் கொடுத்தவன் வெங்கடேஷின் காரில் வீட்டுக்குப் போனான். அதே முகம், அதே நடை. பையிலிருந்த போன்கூட அவன் முகத்தைக் காட்டினால் திறந்துகொண்டது. ஒரே வித்தியாசம், அவன் காயவே இல்லை. தலையணை நனைந்தது, நாற்காலிக்குக் கீழே குளம் கட்டியது, கோமளவல்லி அதைத் துடைத்துத் துடைத்து ஒரு மாதத்தில் இடுப்பு வலிக்கு மாத்திரை போட ஆரம்பித்தாள். அவன் நல்லவனாக இருந்ததுதான் சங்கடம். நீரஜா பேச ஆரம்பித்தால் முடிக்கிறவரை கேட்டான். ஸஹானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்த்தான், நோட்டு நனையாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சாத்தமுதில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளவில்லை. அவன் தொட்ட சாதத்தில் உப்பு தானாகவே சேர்ந்தது. முதல் வாரமே நீரஜா மாமியாரைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "இவர் அவர் இல்லைம்மா" என்றாள். "வாசல்ல வந்து நின்னப்பவே தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? சும்மா இரு" என்றாள் கோமளவல்லி. இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள்.

நிஜமான சாய்சரண் சாகவில்லை. கடலுக்குக் கொடுத்த கணக்கு ஐந்து. ஐந்தும் கரையேறிவிட்டதால் அவனை எதில் சேர்ப்பதென்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் அடியில் போட்டு உருட்டிவிட்டு, பங்குனியில் கொட்டிவாக்கத்தில் துப்பிவிட்டது. முழங்கையில் சிப்பி ஒட்டியிருந்தது. விரல் நுனிகளை மீன்கள் கொத்திக் கொத்தி வழுவழுவென்று ஆக்கியிருந்தன. ஆட்டோக்காரர்கள் சீட் நனையும் என்று ஏற்ற மறுத்ததால் திருவான்மியூர், அடையாறு பாலம், மந்தைவெளி என்று நடந்தே வந்தான். அன்றைக்கு அறுபத்து மூவர் உற்சவம். பந்தலில் நீர்மோர் கொடுத்தார்கள். கூட்டத்தில் எல்லாரும் வேர்வையில் நனைந்திருந்ததால் அவனை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை.

மணியடித்தான். திறந்தவன் கடல் கொடுத்தவன். இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. "உள்ள வாங்கோ" என்று வழிவிட்டான் அவன். பின்னாலேயே வந்த கோமளவல்லி, "வேண்டாம், அங்கேயே நிக்கட்டும்" என்றாள்.

"அம்மா, நான்தாம்மா."

"தெரியறதுடா. எனக்குக் கண்ணு நன்னாத்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஸஹானா பொறந்த அன்னிக்கு என்ன நடந்தது? ரெண்டு பேரும் சொல்லுங்கோ."

"பேய் மழை. ஆட்டோ கெடைக்கல. நீயும் நீரஜாவும் பால் வண்டியில ஏறிண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேள். நான் மீட்டிங்ல இருந்தேன். மறுநாள் சாயங்காலம்தான் வந்தேன்" என்றான் சாய்சரண்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் மற்றவன்.

கோமளவல்லி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு விடாம சொல்லிட்டே. நீதான் எம் பிள்ளை, சந்தேகமே இல்லை. எல்லாம் தெரிஞ்சவனை வெச்சுண்டு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு. இனிமே இந்தத் தெரியாதவனே இருக்கட்டும்டா."

ஸஹானா கடல் கொடுத்தவனின் ஈரச் சட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீரஜா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். விளிம்பு நசுங்கிய டம்ளர். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கென்று பால்கனியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பது. கல்யாணமான புதிதில் அதை ஒதுக்கி வைக்கச் சொன்னவனே சாய்சரண்தான்.

"நீரஜா, நீயாவது சொல்லேன்."

"காபி ஆறிடும்" என்றாள்.

அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். கதவு மெதுவாக, சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

அதன் பிறகு அவன் போகாத இடமில்லை. கைரேகை வைக்கிற இடங்களில் மெஷின் அவன் விரலை வெறும் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டது. ஆபீஸ் வாசலில் காவலாளி, சார் இப்போதுதானே உள்ளே போனார் என்றான். அடையாறு சிக்னலில் வெங்கடேஷ் கார் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினான். "மச்சி, நீ போனதை நான் பார்த்தேன். அழுதேன்டா. அப்புறம் நீயே வந்து உக்காந்துட்ட, நாங்க என்ன பண்றது? தப்பா எடுத்துக்காத, டீம்ல அவன் நல்லா செட் ஆயிட்டான்." பச்சை விழுந்ததும் போய்விட்டான்.

கடைசியில் குப்பத்துக்கே வந்தான். மூழ்கின இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினான். டில்லிபாபு மறைக்காமல் சொன்னான்: "நீ அஞ்சுன்னு சொன்ன, அது அஞ்சு குடுத்துடுச்சு. இப்ப நீ கூடுதல், நைனா. அங்க போயி இன்னா கேப்ப?" டில்லிபாபுவின் மனைவி முத்துமாரி சோறும் மீன்குழம்பும் வைத்தாள். முதலில் சோற்றை மட்டும் தின்றான். ஆடி மாதத்துக்குள் முள் எடுக்கப் பழகிவிட்டான். குப்பத்தில் அவனுக்குக் கூடுதல் சார் என்று பெயர் வந்தது.

காற்று பலமான ஒரு நாளில் டில்லிபாபு அவனைத் துணைக்குப் படகில் ஏற்றிப் போனான். அலை வந்தது, நாலு பேர் இருந்த படகில் சரியாக அவனைத்தான் தூக்கியது. இரண்டு நாள் கழித்துத் திருவான்மியூரில் கரையேறி, சிப்பிகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்து வந்தான். குப்பத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். கடல் கேட்டால் கொடுக்க ஒரு ஆள் இருக்கிறது, அதுவும் தீர்ந்துபோகாத ஆள். அன்றிலிருந்து காற்று எழும் நாளெல்லாம் அவனைப் படகின் முனையில் உட்காரவைத்தார்கள். எந்தப் படகு கூட்டிப்போவது என்று சண்டைகூட வந்தது. மாதா கோயில் வாசலில் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை அவன் வரமாட்டேன் என்றான். மூக்கில் உப்பு ஏறுகிற வலி ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் இருக்கிறது, பழகவில்லை என்று அழுதான். ஆண்கள் நாலைந்து பேர் மரியாதையாக வந்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "எங்க வூட்ல புள்ளைங்க கீதுங்க சார்" என்று சொல்லித் தோளைப் பிடித்துத் தூக்கிப் படகில் வைத்தார்கள். முத்துமாரி தூக்குச் சட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, தலை துவட்டத் துண்டும் வைத்தாள். அவன் வந்த பிறகு அந்தக் குப்பத்தில் கடலுக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. ஸஹானா கல்லூரிக்குப் போகிறாள். நீரஜாவுக்கு ஒரு பையன் பிறந்தான், பெயர் ஸ்ரீனிவாசராகவன்; என்ன துவட்டினாலும் தலைமுடி காயாது, மற்றபடி கெட்டிக்காரன். கடல் துப்பும்போதெல்லாம் கூடுதல் சார் குப்பத்துக்குத் திரும்புகிற வழியில் சித்திரக்குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவான். மூன்றாம் மாடிக்கு நேர்கீழே நின்று, கொடியில் தொங்குகிற தன் சட்டைகளைப் பார்ப்பான். "இந்தத் தடவை ரொம்ப இளைச்சுட்டான்" என்று கோமளவல்லி தயிர்சாதம் கட்டி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்புவாள். போன வாரம் சின்னப் பையன் பால்கனிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, கீழ நனைஞ்சுண்டு நிக்கறாரே, அது யாரு?" என்று கேட்டான்.

"அது நான்டா" என்றான் கடல் கொடுத்தவன். அவனுக்குப் பொய் வராது.

"அப்ப நீ?"

"நான் நம்மாத்துல இருக்கறவன்."

பையன் சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். கீழே நின்றவன் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிட்டான். வாடைக் காற்று கிளம்பியிருந்தது. அன்றைக்கு முறை கபாலியின் படகுக்கு.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரட்டும் கண்ணுகளா. மணியடிக்கும்போது கதவைத் திறப்பவர் அவர்களை இன்னார் என்று தெரிந்தவராக இருக்கட்டும்; தெரிந்த பிறகும் உள்ளே கூப்பிடுகிறவராக இருக்கட்டும்.