தூசி தின்ற பெட்டி

தமிழ்மணி பேச்சில் கஞ்சன். நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அதுதான் வினையாகிப் போனது.

வட்டாரத் தூயகாற்று முகமையில் அவர் ஒப்பந்த ஊழியர். நம் ஆட்களுக்கு அது காத்து ஆபீஸ். திருச்சியில் எங்கே எவ்வளவு தூசி என்று அளந்து, எங்கிருந்து வருகிறது என்று பிடித்து நிறுத்துவது அவர்கள் வேலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் இரும்புப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். மோட்டார் காற்றை இழுக்கும். உள்ளே வெள்ளைத்தாளில் தூசி படியும். தமிழ்மணி தினமும் காலை ஆறு மணிக்கு வந்து தாளை மாற்றி, பழையதைக் கொண்டுபோய் எடை போடுவார்.

முதல் நாளே மூன்றாம் மாடி வள்ளிக்கண்ணு துணி காயப்போடும் சாக்கில் ஆஜர். அந்தக் கட்டடத்தில் பால் பாக்கெட்டின் நிறம் மாறினால்கூட அவருக்குத் தெரியாமல் மாறாது.

“என்ன தம்பி இது, இந்தக் கத்து கத்துது?”

“தூசிய உறிஞ்சும்க்கா.”

அவ்வளவுதான். தமிழ்மணி இறங்கிப் போய்விட்டார்.

பதினைந்தே நாளில் ஸ்ரீரங்கத்துத் தூசி, லாரியும் பட்டறையுமாக இருக்கும் துவாக்குடியைவிட மூன்று மடங்கு ஏறிவிட்டது. மேலதிகாரி டோரதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அது நல்ல சகுனமில்லை.

“பெருமாள் ஊர்ல குவாரி தொறந்திருக்காங்களா தமிழ்மணி? இல்ல, வீட்ல உக்காந்து நம்பர் எழுதுறீங்களா?”

“இல்ல மேடம்.”

“இன்னைக்குச் சாயங்காலம் நானே வர்றேன். காரணம் தெரியலேன்னா, ஒங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி.”

நாலு மணிக்கு மாடிப்படி ஏறும்போதே ‘தொம், தொம்’ என்று சத்தம். தமிழ்மணி இரண்டிரண்டு படியாகத் தாவினார். டோரதி மூச்சு வாங்க, இரண்டு மாடி பின்தங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

மேலே திருவிழா. வள்ளிக்கண்ணு பெட்டியின் வாயருகே பாயைப் பிடித்துத் துடைப்பத்தால் சாத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பவித்ரா மிதியடியை உதறினாள். அபார்ட்மென்ட் செக்ரட்டரி பாலு மின்விசிறி இறக்கையோடு வரிசையில் நின்றார். நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி நீளமாக மூச்சு இழுத்தபடி கீழ்வீட்டு இருசம்மாள் பாட்டி. அவருக்கு மூச்சிழுப்பு, சுத்தமான காற்றுக்காக வந்திருந்தாராம்.

“வாங்க தம்பி! தங்கமான பெட்டி! எவ்ளோ தட்டினாலும் முழுங்கிடுது!” என்றார் வள்ளிக்கண்ணு.

“ஐயோ அக்கா, அது சுத்தம் பண்ணாது! தூசி எவ்ளோன்னு அளக்கும், அவ்ளோதான்!”

“சுத்தம் பண்ணாதா? அப்ப எதுக்கு இவ்ளோ சத்தம்? நம்ம செக்ரட்டரியாட்டமே இருக்கே!”

பாலு விசிறி இறக்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். இருசம்மாள் கண்ணைத் திறந்தார்.

“அப்ப நான் பதினஞ்சு நாளா இழுத்தது?”

“பாய்த் தூசிம்மா.”

“எனக்குத் தேவலாம்போல இருந்துச்சே!”

ஏமாந்த கோபத்தில் வள்ளிக்கண்ணு பாய்க்குக் கடைசியாக ஒரு சாத்து சாத்தினார். சரியாக அப்போதுதான் டோரதி வாசலில் தலையை நீட்டினார். ஏழு தும்மல். பவித்ரா எண்ணினாள். எட்டாவது வருவதற்குள் மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூசியில் நரைத்துப் போன புடவையை உதறக்கூட அவரால் முடியவில்லை.

“காரணம் கெடச்சிருச்சு தமிழ்மணி. ஒப்பந்தத்த நீட்டிக்கிறேன். ஒரு நிபந்தனை. இவங்க என்ன கேட்டாலும் முழுசா பதில் சொல்லணும்.”

தமிழ்மணி வாழ்க்கையில் முதல்முறையாக நாற்பது நிமிடம் பேசினார். பெட்டி தூசியை அளக்கும், அது எங்கிருந்து வருகிறது என்று பிடிப்பது மனிதர்கள் வேலை என்பதுவரை விளக்கினார். அதை வள்ளிக்கண்ணு நன்றாகவே பிடித்துக்கொண்டார்.

மறுநாளே போன்: “தம்பி, பின்பக்கக் காலி மனையில குப்பையக் கொளுத்துறாங்க.” ஆட்கள் போய் அணைத்தார்கள். அடுத்து, மூடாமல் போன மணல் லாரி, நம்பரோடு. தாளில் படியும் தூசியின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஆபீசில் தமிழ்மணிக்குக் கைதட்டு.

நேற்று மீட்டிங்கில் டோரதி எதிரிலேயே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“தம்பி, செக்ரட்டரி வீட்ல சாம்பார் அடிப்பிடிச்சிருச்சு. எழுதிக்கிட்டீங்களா?”

தமிழ்மணி டோரதியைப் பார்த்தார். நிபந்தனை நினைவிருந்தது.

“எழுதிக்கிட்டேன்க்கா,” என்று தொடங்கி, சமையல் புகை எந்தக் கணக்கில் சேரும் என்று விளக்க ஆரம்பித்தார். டோரதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.