எட்டு மணி நாடகத்தின் மறு ஒளிபரப்பு

"ஒயரப் புடுங்கு கதிரேசா, தண்ணி சொட்டிக்கினு கீது பாரு" என்று வாசலிலிருந்து யாரோ சொன்னார்கள். கதிரேசன் குனிந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். நேற்று இரவிலிருந்து உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த பெட்டி நின்றது. நான்கு பேர் உள்ளே வந்து அய்யாதுரையைத் தூக்கினார்கள்.

தமிழ்மொழி சுவரோரம் நின்று அண்ணன் கதிரேசனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைத்தான் கடைசியாகப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்தே அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்து நின்றது. அம்மா செண்பகம் தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக மூலையில் உட்கார்ந்திருந்தாள். வந்து போனவர்கள் வைத்துவிட்டது அது.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. ஹாலில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அது டிவிக்கு. அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். அய்யாதுரை உயிரோடு இருந்திருந்தால் விட்டிருப்பாரா? பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போடுவதென்றால்கூட விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அதற்கப்புறம் அவருடைய வேலை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து திட்டுவது. எதையும் விட்டு வைக்கமாட்டார். சண்டைப் படம் என்றால், "அம்பது பேர அடிக்கறான், சட்ட பட்டன் ஒண்ணு தெறிச்சுதா பாரு." விருது வாங்கிய படம் என்றால், "கத நல்லாத்தான் கீது, அந்த லைட்டப் போட்டு எடுத்தா இன்னாவாம்?" பேத்தி கொரியா நாட்டு நாடகம் போட்டுக் காட்டினாள். ஒரு நாள் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எல்லாரும் நூடுல்ஸ் துன்னுகினே கீறானுங்க, ஒரு மாமியாகூட வாயத் தொறக்கல" என்றார். எட்டு மணி நாடகத்தின் மீதுதான் அவருக்குத் தீராத பகை. ஒரு நாள் விடாமல் பார்ப்பார். இதில் மறுநாள் நாலு மணிக்கு அதையே திரும்பப் போடுவான். "ஒரு தபா போட்டது போதாதா இவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே அதையும் பார்ப்பார்.

செண்பகம் எந்த நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. அடுப்படியில் நின்று அவர் திட்டுவதைக் கேட்பாள். யார் யாரை ஏமாற்றினார்கள், எவள் வீட்டை விட்டுப் போனாள் என்பதெல்லாம் அவளுக்கு அந்தத் திட்டிலிருந்துதான் தெரியும். அவர் குரல் வரவில்லை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இன்றைக்கு நாடகம் நன்றாக இருக்கிறது.

நேற்றும் அவள் அப்படித்தான் நினைத்தாள். நாடகம் முடிந்து தட்டோடு வந்து, "சாப்புட வா" என்றாள். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே பாத்திருந்தா..." என்று இழுத்தார்.

அந்த இழுப்பைக் கதிரேசன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். திருவான்மியூரில் இருந்துகொண்டு பொங்கலுக்கு மட்டும் தலை காட்டுகிற பிள்ளை, காலையிலிருந்து மாலையோடு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே ஒப்பித்தான். "நாடகம் முழுக்க ஓடியிருக்கு. அம்மா ரெண்டு அடி தள்ளி அடுப்படில நின்னுக்கினு இருந்திருக்கு. ஒரு தபா எட்டிப் பாக்கல." கேட்டவர்கள் எல்லாம் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே ஒரு முறை, "சத்தம் வரல. நல்லாக்கீது போலன்னு நெனச்சேன்" என்றாள். அது யாருக்கும் புரியவில்லை.

நாசமாய்ப் போன நாக்கு என்று தமிழ்மொழிக்கு வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேளச் சத்தம் தெரு முனை திரும்பியது. ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் ஹாலைக் கழுவிவிட்டார்கள். தலைமாடு இருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். எதிர்வீட்டு நஸ்ருன்னிசா ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினாள். அண்ணி டீயைக் குடித்துக்கொண்டே, "பதினாறாம் நாள் ராத்திரியே தாலிய எடுத்துறலாம், வெள்ளிக்கெழமயில மாட்டிக்கக் கூடாது" என்று யாரிடமோ சொன்னாள். அம்மாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

செண்பகம் தலையைத் தூக்கி, "மணி இன்னா?" என்று கேட்டாள்.

"நாலாவப் போவுதும்மா."

"டிவியப் போடு."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அத்தே, பொணம் போன வூடு இது. ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு காலைலேர்ந்து வேண்டியது சொல்லிடுச்சு அண்ணி, உங்க வூட்டுக்காரரு புண்ணியத்துல. இன்னும் ரெண்டு சொல்லட்டும்" என்றாள் தமிழ்மொழி. சொன்னதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அம்மாவிடம் குனிந்து, "இன்னாத்துக்குமா இப்போ?" என்றாள்.

"உங்க நைனா கடைசியா ஒண்ணு கத்தனாரு. 'அடப்பாவிங்களா, அந்தப் பொண்ணு கழுத்துல இருந்த தாலி எங்கடா போச்சு'ன்னு. அதுக்கப்பால சத்தமில்ல. அது எந்த எடத்துலன்னு பாக்கணும். ஆரம்பத்துலயா, நடுவுலயான்னு." கொஞ்சம் நிறுத்தி, "எவ்ளோ நேரம் அந்தாள அப்பிடியே உக்கார வெச்சேன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

தமிழ்மொழி டிவி ஒயரைக் கையில் எடுத்தாள். ஆரம்பத்தில் வந்துவிட்டால்? அண்ணன் சொன்னது உண்மையாகிவிட்டால்? ஆனாலும் விளக்கு அணையாமல் ஒயரைச் சுற்றிக் கொண்டுவந்து பிளக்கைச் செருகினாள்.

நாடகம் ஆரம்பித்தது. மருமகள் சமையலறையில் அழுதாள். கழுத்தில் தாலி இருந்தது. மாமியார் பட்டுப்புடவையோடு படுத்திருந்தாள். மருமகள் ஆட்டோவில் போனாள். தாலி இருந்தது. விளம்பரம் வந்தது. அண்ணி எழுந்து போகவில்லை. நஸ்ருன்னிசா ஃபிளாஸ்கைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மறுபடியும் விளம்பரம். செண்பகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு நாடகத்தை முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் காலடி கேட்டது. மயிலாப்பூர் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருந்தார்கள். கதிரேசன் ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்று, "இன்னா கூத்து இது?" என்றான்.

"வாய மூடிக்கினு பாரு" என்றாள் தமிழ்மொழி.

திரையில் ஆஸ்பத்திரி. புருஷனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மருமகள் ஓடிவந்து குனிந்தாள். அவள் கழுத்து வெறுமையாக இருந்தது.

"இதான்" என்றாள் செண்பகம். "இங்கதான் கத்தனாரு."

டாக்டர் ஏதோ சொன்னார். மருமகள் அதிர்ச்சியோடு திரும்பினாள். இசை அதிர்ந்தது. மறுபடி திரும்பினாள். இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு முறை திரும்பினாள். தினமும் நாடகம் இப்படித்தான் முடியும். தினமும் அந்த இடத்தில் அய்யாதுரை, "திரும்பனது போதும்மா, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்பார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். கதிரேசனுக்கும் தெரியும்.

"இத சொல்லல" என்றாள் செண்பகம். "நேத்து இத சொல்லல. நல்லாக்கீது போலன்னு தட்ட எடுத்துக்கினு வந்தேன்."

எழுத்து ஓடி நாடகம் முடிந்தது. அவ்வளவுதான். தாலி போனதற்கும் முடிவுக்கும் நடுவே ஒரு டாக்டர் இரண்டு வரி பேசியது மட்டும்தான் இருந்தது.

கதிரேசன் வாசலிலேயே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தமிழ்மொழியிடம் காலையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. இப்போது அவன் மூஞ்சியில் எறிந்தால் சரியாகப் போய் விழும். 'எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு சொல்லுடா' என்று தொண்டை வரை வந்தது. அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்தி, நைனா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தான்.

செண்பகம் எதையும் கவனிக்கவில்லை. அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில திரும்பறப்போ பாத்தியா மொழி?" என்றாள். "தாலி திரும்பி வந்துடுச்சு அந்தப் பொண்ணுக்கு."

அவள் விரல்கள் தன் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. யாரும் அதை நிறுத்தப் போகவில்லை.