ஒரு சாண் கீழே

"டுமீல்!"

எதிர்ச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த எல்க் மான்கள் அத்தனையும் ஒரே உடம்பாகத் திரும்பி, பனியைக் கிளப்பிக்கொண்டு பைன் மரங்களுக்குள் பாய்ந்தன. எதிரொலி அடங்குவதற்குள் சரிவு காலி. லோரெட்டா துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் பின்னால் இழுத்தாள். வெற்றுத் தோட்டா துள்ளி விழுந்தது. கை தானாகவே அதைப் பொறுக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டது. அவள் கணவன் ஆர்லன் சுட்ட தோட்டாவில் வீட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புகிறவன். பித்தளைக் கூட்டைப் பனியில் விட்டுவிட்டு வந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"பட்டுதா?" என்றான் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த ஆர்லன்.

"தொலைநோக்கியைக் கையில வெச்சிக்கிட்டு என்னைக் கேக்கறியே, கிழவா!"

"பனி கிளம்பிடுச்சு. ஒண்ணும் தெரியல."

மொன்டானாவில் அந்த வருஷத்து எல்க் வேட்டை முடிய அன்று ஒரு பொழுதுதான் பாக்கி. ஏப்ரலில் லோரெட்டாவின் வலது தோள்மூட்டை எடுத்துவிட்டு உலோகம் வைத்திருந்தார்கள். "இனிமே கேக் சுடு, லோரெட்டா. மான் சுடறதை எங்க கிட்ட விடு" என்று சர்ச்சில் காபிக் கோப்பையும் கையுமாகச் சிரித்தான் பக்கத்துப் பண்ணை டுவேன். அவளும் சிரித்தாள். ஆனால், ஒரு மானைக் காயத்தோடு ஓடவிட்டால் அன்றோடு துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கணக்குத்தான் மண்டையைக் குடைந்தது. தூரம் முந்நூற்றைம்பது கஜம். அவளுடையது நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள குண்டு. வேகம் அதிகம், தோளில் உதைப்பது குறைவு. இந்தத் தூரத்துக்கு ஒன்றரைச் சாண் இறங்கும். அந்த இறக்கத்தை ஆர்லன்தான் கணக்குப் போட்டு, துப்பாக்கிக் கட்டையில் தாள் ஒட்டிக் கொடுத்திருந்தான். அவனுக்கோ நூற்றெண்பது கிரெயின்தான் குண்டு. "கனம் இருந்தாத்தான் எலும்பை உடைச்சிக்கிட்டு உள்ள போகும்" என்பான். "போய்ச் சேர்ந்தாத்தானே உடைக்கும்? வழியிலயே குனிஞ்சு மண்ணைப் பாக்குதே உன் குண்டு!" என்பாள் இவள். முப்பது வருஷமாக இதே சண்டை. இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே அளவுத் தோட்டா என்பதால், மாறிப்போகாமலிருக்க அடியில் இருக்கும் வட்டப் பொட்டில் மார்க்கர் பேனாவால் மை தடவி வைப்பான் ஆர்லன். அவளுக்கு நீலம், அவனுக்குச் சிவப்பு.

போன சனிக்கிழமை இதே தூரத்தில் இரும்புத் தட்டில் ஐந்துக்கு ஐந்து அடித்திருந்தாள். இன்று மூச்சும் சரி, விரலும் சரி. பின்னே என்ன?

மான் நின்ற இடத்தில் தடங்கள் குழம்பிக் கிடந்தன. ஆர்லன் குனிந்து குனிந்து தேடினான்.

"ரத்தம் இருக்கா?" என்றான்.

"நீ எது மேல நிக்கறேன்னு பாரு."

அவன் பூட்ஸ் நுனிக்குப் பக்கத்தில் கொத்தாக முடி. நெஞ்சின் அடிப்பக்கத்து முடி, சவரக்கத்தியால் வழித்ததுபோல். இதயத்தைப் பார்த்து அடித்தது ஒரு சாண் கீழே போயிருக்கிறது.

ஒரு மைல் தடம் பிடித்து நடந்தார்கள். லோரெட்டா ஒவ்வொரு குளம்படியிலும் சிவப்பைத் தேடினாள்; இருந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே தேடினாள். ஒரு சொட்டுகூட இல்லை. மந்தையில் ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. மான் பிழைத்தது. ஆனால் இன்னும் இரண்டு விரற்கடை மேலே போயிருந்தால்? நெஞ்செலும்பு உடைந்து, எங்கோ ஒரு புதரில் மூன்று நாள் கிடந்து செத்திருக்கும். கை போய்விட்டது. டுவேன் சொன்னதுதான் சரி.

விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். துப்பாக்கியை அவன் பக்கம் நீட்டினாள்.

"இந்தா. வீட்டுக்குப் போனதும் அலமாரியில வெச்சுப் பூட்டிடு. பேத்தி பெரியவளானா எடுத்துக்கட்டும்."

"ஒரு குண்டு தவறினதுக்கா இவ்வளவு? நான் தவறவிட்டதை எண்ணினா இந்த மலை பத்தாது."

"பேசாதே. இதையும் பிடி" என்று பையிலிருந்த வெற்றுத் தோட்டாவை எடுத்தவள், கொடுக்காமல் அப்படியே நிறுத்தினாள்.

அடியில் பொட்டு சிவப்பாக இருந்தது.

அவசரமாகத் துப்பாக்கிக்குள் இருந்த மற்ற மூன்றையும் வெளியே எடுத்தாள். இரண்டு நீலம், ஒன்று சிவப்பு. காலையில் வண்டியில் ஏறும்போது அவன் கையால் எடுத்துக் கொடுத்த நான்கு தோட்டாக்கள். அவனுடைய கனமான குண்டு, அதுதான் கீழே இறங்கியிருக்கிறது. தோளைவிட்டுப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. தோளில் குற்றமில்லை, விரலில் குற்றமில்லை! அடுத்த நொடியே கோபம் பொங்கியது.

"வேணும்னேதானே குடுத்தே? கனமான குண்டுதான் ஒசத்தின்னு எனக்குப் பாடம் நடத்தவா? ஒரு உயிரு, ஆர்லன்! என்னோடன்னா ஏதோ வாய்ச்சண்டை. அந்த மான் என்ன பண்ணுச்சு உனக்கு?"

"என்ன உளர்றே?" கையுறையைக் கழற்றிவிட்டுத் தோட்டாவை வாங்கினான்.

கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு மூக்குக்குப் பக்கத்தில். வெளிச்சத்துக்காக மரநிழலை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்று, கட்டைவிரலால் பொட்டைத் தடவினான். முட்டி வலி என்று செப்டம்பரில் அவன் வண்டிச் சாவியைத் தன்னிடம் கொடுத்தது லோரெட்டாவுக்கு ஞாபகம் வந்தது. மலையேறும்போது ஒரு தடவைகூட முட்டியைப் பிடிக்காதவன்.

"பார்த்துப் பார்த்துத்தானே எடுத்தேன்" என்றான் ஆர்லன், திரும்பாமலே. "இது நீலம் இல்லையா, லோரெட்டா?"