நடு ஓட்டை

காலையில் அந்த ஓட்டையில் முகவாயை ஊன்றிக்கொண்டு கொட்டாவிகூட விடலாம். ஒன்றும் ஆகாது. மதியம் சாய்ந்த பிறகு அதே ஓட்டைக்குக் கண்ணைக் கொண்டுபோனால், எதிரே இருப்பதை ஒழுங்காகப் பார்ப்பதற்குள் குண்டு வந்துவிடும். ஏன் என்று படைப்பிரிவின் தலைவனுக்குப் புரியவில்லை.

அது ஒரு தையல்காரம்மாவின் வீட்டு மாடி. வீதியைப் பார்த்த கிழக்குச் சுவரில் மூன்று செங்கற்களை உருவி மூன்று ஓட்டைகள் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒரே உயரம், ஒரே அளவு. வீதிக்கு அப்பால் திடல். திடலுக்கு அப்பால் மாவு ஆலை. ஆலையில் எதிரிகள் இருந்தார்கள். இடது ஓட்டையிலும் வலது ஓட்டையிலும் இருப்பவர்கள் நாள் முழுக்க நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடு ஓட்டைதான் ஆளைக் கேட்டது. அந்த வாரம் ஒருவனுக்குக் காது போனது. இன்னொருவன் கன்னம் கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அடைத்துவிட்டுப் போகலாமே என்றால் முடியாது. ஆலையின் வாசல் நடு ஓட்டையிலிருந்து மட்டும்தான் தெரியும். இடதுபக்கப் பார்வையை எரிந்த பேருந்து ஒன்று மறைத்தது, வலதுபக்கப் பார்வையைத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. எதிரிகள் வெளியே வருவதென்றால் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். பெரும்பாலும் மாலையில்தான் வந்தார்கள். ஆகவே யாராவது அங்கே உட்கார்ந்தே ஆகவேண்டும்.

தலைவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டான். கண்ணாடி மின்னுகிறதோ என்று தொலைநோக்கியின் முனையில் துணி சுற்றினான். மாடியில் பீடி பிடிக்கக்கூடாது என்றான். நேற்று ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஓட்டைக்கு நேரே ஆட்டினான், குண்டு வரவில்லை. கரிபிடித்த ஒரு பானையைத் தூக்கிக் காட்டினான், வந்தது. பானையின் துண்டுகள் இன்னும் தரையில் கிடந்தன. பானை சுவருக்கு வெளியே ஒரு நூல்கூட நீளவில்லை. வெயில் மேற்கே போன பிறகு இந்தச் சுவர் முழுக்க நிழல். நிழலில் உள்ள சுவரில், இருட்டறையின் ஓட்டையில், கறுத்த பானை வந்ததை ஒருவன் திடலைத் தாண்டி எப்படிக் கண்டுபிடிப்பான்?

அவனுக்கு யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. எல்லோருக்கும் தூக்கம் பாக்கி. பேச்சில்கூடப் பாதி வார்த்தையை விழுங்கினார்கள்.

"இன்னிக்கு மதியத்துக்கு மேல யாரு முறை?" என்று வலது ஓட்டையில் இருந்த தாடி கேட்டான். அவனுக்கு விடை தெரியும்.

"என் முறை" என்றான் மச்சான்.

மச்சான் தலைவனின் மனைவிக்குத் தம்பி. உறவுமுறை அதுதான் என்பதால் மொத்தப் பிரிவுக்குமே அவன் மச்சான் ஆகிவிட்டான்.

"அப்ப முறை மாறிடும்" என்றான் தாடி.

"வாயை மூடுடா" என்றான் தலைவன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. எனக்கு ஒரு அக்கா இல்லாம போச்சேன்னு வருத்தப்பட்டேன், அவ்வளவுதான்."

தாடி சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தலைவனை வாட்டியது. காது போனவனை அவன்தான் அனுப்பினான். கன்னம் கிழிந்தவனையும் அவன்தான். இன்றைக்கு மட்டும் ஆளை மாற்றினால் நாளையிலிருந்து அவன் சொல்லை யார் கேட்பார்கள்? மாற்றாவிட்டால் வீட்டுக்குப் போய் மனைவியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"நான் உக்கார்றேன். நீ போய்ப் படு" என்றான் மச்சானிடம்.

"விளையாடாதீங்க அத்தான். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா என்னை உரிச்சிடும்."

"உனக்கு ஆச்சுன்னா என்னை உரிச்சிடுவா."

"அப்ப எப்படியும் ஒரு தோல் போகுது. என் முறை, நானே உக்கார்றேன்."

தலைவன் ஓட்டையிலிருந்து விலகி, பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். மச்சான் அவனுக்கு அருகில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மதியம் சாய்ந்துவிட்டது; நடு ஓட்டையில் இன்னும் யாரும் இல்லை.

அப்போது தையல்காரம்மா மாடிப்படி ஏறி வந்தாள். குடும்பத்தோடு கீழறையில் அடைந்து கிடந்தவள். பின்னறை அலமாரியில் நூல்பெட்டி இருக்கிறதாம், எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். "பாத்துப் போங்கம்மா" என்றான் தாடி. அவள் பின்னறைக்குள் நுழைந்து, அலமாரியை நோக்கி நடந்தாள்.

டப்பென்று குண்டு வந்தது. நடு ஓட்டை வழியாக நுழைந்து, முன்னறையைக் கடந்து, பின்னறை வாசல் நிலையில் ஒரு சிராயைப் பெயர்த்துக்கொண்டு போனது. அம்மா தரையோடு தரையாகக் கிடந்தாள். அடிபடவில்லை. மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகத் திட்டத் தொடங்கினாள்.

"நாசமாப் போறவனே! சொந்த வீட்டுல நூலெடுக்க வந்ததுக்கு இதா?"

"ஓட்டைல யாருடா இருந்தது?" என்று தலைவன் கத்தினான்.

"யாருமே இல்லை அத்தான்."

யாருமே இல்லை. தலைவன் அதை மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஓட்டையில் முகம் இல்லை, பானை இல்லை. வெகு தள்ளி, அடுத்த அறையில் ஒரு பெண் குறுக்கே நடந்தாள். அதற்கே சுட்டான் என்றால், அவன் முகத்தைப் பார்த்துச் சுடவில்லை.

தலைவன் ஊர்ந்து போய் ஓட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தான். வெளியே பார்க்காமல் வீட்டுக்குள் பார்த்தான். நேர் எதிரே பின்னறை வாசல். அதற்குப் பின்னால், கண்ணாடி உடைந்த மேற்கு ஜன்னல். ஜன்னலில் மேற்கு வானம் தகடுபோல் மின்னியது. கண் கூசியது. ஓட்டை, வாசல், ஜன்னல் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. மற்ற இரண்டு ஓட்டைகளுக்கும் பின்னால் வெறும் சுவர்தான்.

"அம்மா, ஊசியில நூல் கோக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

"இதுதான் ரொம்ப முக்கியம் இப்ப!"

"சொல்லுங்களேன்."

"வெளிச்சத்துக்கு நேரா பிடிப்பேன். அப்பத்தான் காது தெரியும்."

"நூல் உள்ள போனதும்?"

"காது அடைஞ்சிடும்."

"அதைத்தான் அவன் பாக்கறான்" என்றான் தலைவன். "ஆலையில நம்ம உயரத்துலயே எங்கேயோ உக்காந்திருக்கான். மதியத்துக்கு மேல நம்ம சுவர் கறுத்துப் போகுது. நடுவுல இந்த ஓட்டை மட்டும் விளக்கு மாதிரி எரியுது. யாராவது குறுக்க வந்தா விளக்கு அணையும். அணைஞ்சதும் சுடறான். அவனுக்கு மூஞ்சியே தெரிய வேண்டாம்."

"காலையில?" என்று தாடி கேட்டான்.

"காலையில வெயில் நேரா இந்தச் சுவர் மேல அடிக்குது. வெள்ளைச் சுவரே பளபளன்னு இருக்கும். அதுல இந்தத் துளி வெளிச்சம் எடுபடாது."

தாடி தாடியைச் சொறிந்தான். "போன மாசம் பூரா நான் இதே ஓட்டைல மதியத்துலதானே இருந்தேன். ஒண்ணும் ஆகலையே."

"அப்ப கதவு இருந்துச்சு" என்றாள் அம்மா, வாசல் நிலையைக் காட்டி. "நல்ல கனமான கதவு. உங்க ஆளுங்கதான் கழட்டிட்டுப் போனாங்க."

மச்சான் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அத்தான். கீழ ஈரத்தரையில படுத்து உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. பலகையில படுத்தா சரியாகும்னு…"

தலைவனுக்கு நினைவிருந்தது. அந்தப் பலகையில் அவன் நன்றாகத்தான் தூங்கினான். கன்னம் கிழிந்தவனை அதன்மேல் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கதவு திரும்பி வரவில்லை. அவன் கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டான். மச்சானைத் திட்ட வாய் வரவில்லை. திட்டுவதற்கான தெம்பும் இல்லை.

"கம்பளி ஏதாவது இருக்காம்மா? கறுப்பா, தடிப்பா?"

"அதையும் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"இந்த ரூமைத் தாண்டாது."

அம்மா முனகிக்கொண்டே தவழ்ந்து கீழே போய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விட்டுவந்த நூல்பெட்டியை எடுக்கப் பின்னறைக்குள் தவழ்ந்து போனாள். மச்சானும் தாடியும் ஓரமாக நின்று ஒரு குச்சியால் ஓட்டைக்குள் பழந்துணியைத் திணித்துவிட்டு, பின்னறை வாசலில் கம்பளியை மேலிருந்து கீழ்வரை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். முன்னறை இருண்டது. ஒதுங்கி நின்று துணியை உருவினார்கள். ஓட்டை இப்போது வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். மச்சான் இன்னொரு பானையை எடுத்து மெல்ல உயர்த்தினான். ஓட்டையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது பானை. கறுப்பின்மேல் கறுப்பு. காத்திருந்தார்கள். குண்டு வரவில்லை. பானையை அசைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். வரவில்லை.

"அடுத்து நான்" என்று சொல்லி மச்சான் பானையைக் கீழே வைத்தான். தலைவன் தடுக்கவில்லை. மச்சான் கண்ணை ஓட்டைக்குக் கொண்டுபோனான். தலைவன் அவன் பிடரியையே பார்த்தபடி நின்றான்.

"ஆலை வாசல் தெரியுது அத்தான். ரெண்டு பேர் மூட்டை தூக்கிட்டு நிக்கறாங்க."

பின்னறையிலிருந்து அம்மா, "நான் வெளிய வரட்டுமா?" என்று கம்பளியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"தொடாதீங்கம்மா, இருங்க!" என்று தலைவன் பாய்ந்து அவள் கையைத் தடுத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "யாராவது கம்பளியைத் தூக்கணும்னா, முதல்ல ஓட்டையில துணியை அடைக்கணும். தாண்டி வந்து கம்பளியை விட்ட பிறகுதான் துணியை எடுக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது."